பொத்தான் போர்வை

அன்பு மகளுக்கு,

வான்கூவரிலிருந்து வந்து ஒரு மாசம் ஆகிவிட்டது. மிஷினில் உட்கார்ந்தாலே நீ வேலை பார்க்கும் மியூசியத்தில் காட்டிய அந்தப் பொத்தான் போர்வைதான் கண்ணில் நிற்கிறது. கருநீலக் கம்பளி, நடுவில் சிவப்புத் துணியை வெட்டித் தைத்த குலச்சின்னம், சுற்றிலும் சிப்பிப் பொத்தான்கள். எண்ண ஆரம்பித்தேன், நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். வளைவு வரும் இடத்தில் பொத்தான்களை நெருக்கி வைத்திருந்தாள் அதைத் தைத்த பெண். கோடு எங்கேயும் உடையவில்லை. முப்பது வருஷம் தைத்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் பக்கத்தில் ஒட்டியிருந்த விவரச் சீட்டில் அவள் பெயர் இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நீ சொன்ன டோரீன் ஜென்சனை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 1933-இல் கிஸ்பியாக்ஸ் என்ற ஊரில் பிறந்தவர், கனடாப் பூர்வகுடிகளில் ஒன்றான கிட்சான் இனத்துப் பெண். மரம் செதுக்குவார், தாய்மொழி சொல்லிக்கொடுப்பார், கண்காட்சியும் அமைப்பார். அவர் பிறந்தபோது, இந்தப் போர்வையைப் போர்த்தி ஆடுகிற பாட்லாட்ச் விருந்தே கனடாச் சட்டப்படி குற்றம். 1885-இல் வந்த தடை 1951-இல்தான் போனது. பேர் வைக்கவும், செத்தவர்களுக்குச் செய்யவும் ஊரைக் கூட்டியதற்காக ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. நெஞ்சு அடைக்கிறது, கண்ணு.

அப்படி வளர்ந்தவர் 1986-இல் இந்தப் போர்வைகளுக்கென்றே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்தார். அதற்காகத் தைத்தவர்களிடமே போய்க் கேட்டார் பார், அதுதான் எனக்குப் பெரிசு. கிட்சான்களுக்குக் குலம் தாய் வழி. சின்னத்துக்கு உரிமைக்காரர்கள் உண்டு, பிடித்திருக்கிறது என்று யாரும் எடுத்துப் போர்த்திக்கொள்ள முடியாது. அதையெல்லாம் வெளியாள் எழுதினால் துணி, அளவு, வருஷம் என்று முடிந்துபோகும். கலை என்று தனியாக ஒரு சொல்லே தங்கள் மொழியில் இல்லை என்று அவர் சொல்வார் என்றாயே. எனக்கு அது உடனே பிடிபட்டது. போர்த்தி ஆடத்தானே தைத்தார்கள்?

அவர் 2009-இல் போய்விட்டார். அவர் செய்த மாதிரி கேட்டு எழுத இப்போது நீ அங்கே இருக்கிறாய். அடுத்த மாசம் புதுச் சீட்டுகள் எழுதப்போவதாகச் சொன்னாய். கம்ப்யூட்டரில் இருப்பதைப் பார்த்து எழுதிவிடாதே. போர்வை வந்த ஊருக்கே போ, பாட்டிமார் பக்கத்தில் உட்கார். யார் தைத்தது, யாருக்காக, அவர்கள் மொழியில் அதற்கு என்ன பேர் என்று கேள். சொல்ல இஷ்டமில்லை என்றால் வற்புறுத்தாதே. அந்தப் பேரைச் சீட்டில் முதல் வரியாகப் போடச் சொல்லு, இங்கிலீஷ் அப்புறம் வரட்டும்.

போகும்போது கம்பளி ஸ்வெட்டர் எடுத்துக்கொள். அவள் பேர் தெரிந்தால் ராத்திரி என்று பார்க்காமல் போன் போடு.

அம்மா