நன்றி, முக்கியமாக நம் அயர்ன் வண்டி அண்ணனுக்கு

தெருவில் எல்லோருக்கும் வணக்கம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நடந்தது உங்களுக்கே தெரியும். பாதியை நீங்கள் சொல்லித்தான் நானே தெரிந்துகொண்டேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆனாலும் இந்த மடலைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

அன்று ராத்திரி ஆம்புலன்ஸ் நுழைய வழிவிட்டவர்கள், ரத்தம் கொடுக்க ஓடிவந்த ஜூனியர்கள், சனிக்கிழமை இலவச சட்ட ஆலோசனையை ஒரு வாரம்கூட விடாமல் நடத்திய வக்கீல் நண்பர்கள், ரசம் வைத்து அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, நாய்களுக்குச் சோறு வைத்த கல்லூரிப் பிள்ளைகள், எல்லோருக்கும் என் நன்றி. தெம்பு வந்ததும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லியாக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தெருமுனை அயர்ன் வண்டி அண்ணன் என்றால் உங்களுக்குத் தெரியும்.

நம் தெருநாய் கருப்பிக்கு வலிப்பு உண்டு. காலை ஏழு மணிக்கும் ராத்திரி ஏழு மணிக்கும் மாத்திரை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரும். அதை நான் யாரிடமும் சொல்லி வைத்திருக்கவில்லை, சொல்லும் நிலையிலும் அன்று இல்லை. தினமும் அவர் வண்டி பக்கத்தில் நின்று பன்னுக்குள் மாத்திரையை வைத்துக் கொடுப்பேன். அவர் துணி தேய்த்தபடியே பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

என்னைக் கொண்டுபோன மறுநாள் காலை, வீட்டுவேலை செய்யும் அம்மாவிடம் கேட்டு ஃபிரிட்ஜ் மேலிருந்த மாத்திரை அட்டையையும் பழைய ஓ.பி. சீட்டையும் வாங்கியிருக்கிறார். மாத்திரை தீரும் நேரத்தில் அந்தச் சீட்டோடு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடம் புதிதாக எழுதி வாங்கியிருக்கிறார். பன்னைத் துப்பியபோது கருவாட்டுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. வீடு கண்ணகி நகரில். மாத்திரைக்காக மட்டும் அங்கிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

வண்டியின் பின்பலகையை நேற்று காட்டினார். பெட்டிக்குப் போடும் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறார். காலை மாத்திரைக்கு ஒரு நேர்கோடு, ராத்திரி மாத்திரைக்கு அதன் குறுக்கே ஒன்று. குறுக்குக்கோடு இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. ஆவணங்களோடே வாழ்ந்தவள் நான். இதைப் போல என்னை அழவைத்த ஆவணம் வேறு கிடையாது.

“எப்படி அண்ணா இவ்வளவும்?” என்று கேட்டேன். “ஏழு மணி ஆனா அது வண்டிகிட்ட வந்து உக்காந்துரும் வக்கீலம்மா. அதுகிட்ட என்னன்னு சொல்றது?” என்றார்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். அந்த ஐம்பது ரூபாய்ச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் கோர்ட் கோர்ட்டாக ஏறினோம். நாய்களைப் பிடித்துக் கொல்லாமல் கருத்தடை செய்யலாம் என்று 1964லேயே விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் சொன்னது. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆனது. கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று விதியும் வந்தது. விட்ட பிறகு அதற்கு வலிப்பு வந்தால் மாத்திரை கொடுப்பது யார்? அது எந்த விதியிலும் இல்லை.

உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ(ஜி) பிரிவு சொல்கிறது. எத்தனையோ முறை அதை வாசித்து வாதாடியிருக்கிறேன். அடிப்படைக் கடமையைக் கோர்ட் மூலம் கட்டாயப்படுத்த முடியாது என்று எதிர்த்தரப்பு உடனே எழுந்துவிடும். சட்டப்படி அது சரியான வாதம்தான், அதனால்தான் ஒவ்வொரு முறையும் சோர்ந்துபோவேன். இனி சோர மாட்டேன். யாருமே கட்டாயப்படுத்தாமல் அந்தக் கடமையைச் செய்த ஒரு மனிதரைப் பார்த்துவிட்டேன்.

அவருக்குப் பணம் கொடுக்கப் பார்த்தேன், வாங்க மறுத்துவிட்டார். சரி, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறேன் என்று முடிவெடுத்தேன். அவர் வண்டி நிற்கும் இடத்துக்கு ஒரு காகிதம்கூட அவரிடம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவர்களுக்கு மட்டுமானதல்ல, தெருவில் சேவை செய்பவர்களுக்கும் சேர்த்துத்தான். அயர்ன் வண்டியும் அதில் வரும். அந்தச் சட்டப்படி தரும் வியாபாரச் சான்றிதழை அவர் கையில் வாங்கிக் கொடுக்காமல் நான் ஓயப் போவதில்லை.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வருபவர்கள் கேட்டால், இந்த வண்டி பல வருடமாக இங்கேதான் நிற்கிறது என்று சொல்லுங்கள். மனுவை எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்துப் போட சனிக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள். கருப்பியின் மாத்திரை நேரத்தைத் தாளில் எழுதி நாலு வீட்டுக்குக் கொடுக்கப் போகிறேன், அதையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் வக்கீலம்மா