பச்சைப்பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம்

ஆசிரியருக்கு,

அக்னி நட்சத்திரத்தில் பாம்பன் பக்கம் இரவிலும் புழுக்கம் அடங்குவதில்லை. என் மகளுக்குப் பிள்ளை பிறந்து 20 நாள். பார்க்க வருகிற பெரியவர்கள் எல்லோரும், "தொண்டை வறளும், ரெண்டு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் கொடு" என்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனாலும் ஆபத்து. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தானே! வெயில் காலத்தில் அடிக்கடி பால் கொடுக்க வேண்டும், அம்மாவும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 தடவையாவது பிள்ளை சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் தொப்பி, கையுறை, காலுறை. தகரக் கூரை வீட்டுக்குள் இதெல்லாம் எதற்கு? மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். கொசுவுக்குப் பயந்து தொட்டிலைச் சேலையால் மூடினால் உள்ளே காற்று போகாது, வலை கட்டுங்கள். பிள்ளையின் உடல்சூடு 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கிராமச் செவிலியர்கள் கோடையில் பிரசவ வீடுகளுக்கு வரும்போது, பெற்றவளிடம் மட்டும் அல்லாமல் எங்களைப் போன்ற பாட்டிமாரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும்.

— ஒரு வாசகி, பாம்பன்