ஓடத் தொடங்கிவிட்டேன், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பெரியவனுக்கு வேலை கிடைத்த சேதி படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன், அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசியில் ஒரு வரியில் "முட்டு மடங்குதா, ஓடுறியா?" என்று கேட்டிருந்தாய். ஓடுகிறேன். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடிகாலையில், நடக்கிற பெரியவர்கள் கூட்டத்துக்கு வெளியோரமாக, மெதுவாக, ஆனால் நொண்டாமல் ஓடுகிறேன். ஷட்டில் ஆடும்போது உன் தம்பியும் முழங்கால் முட்டைத் திருகிக்கொண்டான் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கடிதத்தை அவனிடமே கொடுத்துவிடு.

எனக்கு நடந்தது சின்னக் காயம்தான். வைகாசியில் குறுக்குத்துறை ஆற்றுப் படித்துறையில் தண்ணீர் குறைந்து படியெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது, பாதம் வெளியே வழுக்க முட்டு உள்பக்கமாக ஒடிந்த மாதிரி போய் வந்தது. நம் ஊரில் இதற்கெல்லாம் "ஜவ்வு போச்சு" என்று ஒரே பேர்தான், ஆனால் முட்டின் உள்பக்கத் தசைநார் இழுபட்டிருக்கிறதே தவிர கிழியவில்லை என்றார் டாக்டர். ராத்திரியோடு ராத்திரியாக மெல்ல வீங்கியது. இதை உன் தம்பியிடம் கேள்: அடிபட்ட ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முட்டு பந்து போல வீங்கியிருந்தாலோ, பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவும் வராமல் மடக்கவும் வராமல் நின்றாலோ, நடக்கும்போது திடீரென்று கால் விட்டுப்போனாலோ, ஊன்றவே முடியாவிட்டாலோ, அது என் கதை இல்லை. முதலில் எலும்பு டாக்டரைப் பார்க்கட்டும், கீழே எழுதியிருப்பது எதுவும் அதற்கு மருந்தாகாது.

வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் என்னிடம் கேட்டது "மடங்குதா?" என்றுதான். நியாயமான கேள்விதான். சம்மணம் போட்டுச் சாப்பிட வேண்டும், குத்தவைத்து உட்கார வேண்டும், கோவிலில் மண்டியிட்டுக் கும்பிட வேண்டும், நம் வாழ்க்கையே தரையில்தானே. நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஹைகிரவுண்ட் பக்கம் நான் போன பிசியோதெரபி அம்மா மடக்கவே சொல்லவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, பின்முட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். நல்ல காலில் இடைவெளியே இல்லை, அடிபட்ட காலில் ரெண்டு விரல் நுழைந்தது. "இது மூடட்டும், மடக்குறது தானா வரும்" என்றார். மடக்குவதற்கு முன்னால் முட்டு முழுசாக நீள வேண்டும், இந்த ஒன்றைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன், மீதி எல்லாம் இதற்குப் பின்னால் வருவதுதான்.

நீர் கோத்த முட்டுக்கு 30 டிகிரி போல லேசாக மடங்கி இருப்பதுதான் சுகம், அந்த நிலையில்தான் உள்ளே இடம் அதிகம். அதனால் எல்லோரும் முட்டுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்துவிடுகிறோம். வலி குறைகிறது, ஆனால் அப்படியே நாள் போனால் முட்டு அந்த வளைவிலேயே இறுகிவிடும். முழுசாக நீளாத காலில் நின்றால் முன்தொடைச் சதைக்கு ஓய்வே கிடையாது, நடை சாயும், முட்டுச்சில்லு எப்போதும் அழுந்தியே இருக்கும். ஓடுகிறவனுக்கு இது இன்னும் மோசம். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும், முட்டுக்கு அடியில் கூடாது. நான் பழைய லுங்கி ஒன்றைச் சுருட்டிக் குதிகாலுக்கு அண்டைகொடுத்து, முட்டு அந்தரத்தில் நிற்க, ஐந்து பத்து நிமிடம் அப்படியே கிடப்பேன். பிறகு தொடையை இறுக்கி முட்டைத் தரையைப் பார்த்து அமுக்கி, ஐந்து எண்ணி விடுவது. பார்க்க ஒன்றுமே இல்லாத வேலை, முதலில் எனக்குச் சதை அசையக்கூட இல்லை. வீட்டில் எங்கேயோ ஷார்ட் ஆனால் மெயின் தானாக விழுந்துவிடும் இல்லையா, அந்த மாதிரி முட்டுக்குள் கொஞ்சம் நீர் இருந்தாலே உடம்பு முன்தொடைக்குப் போகிற உத்தரவை நிறுத்திவிடுமாம். சதைக்கு அடி எதுவும் இல்லை, ஆனால் வேலை செய்யாது, சீக்கிரமே மெலிந்தும் போகும். அதனால் வீக்கம் வற்றுவதும் தொடை முழிப்பதும் ஒன்றாகவே நடக்கிற வேலை. ஐஸை நேராக வைக்காமல் துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்.

மடக்குவதற்கு நம் வீட்டுக் கூடத்துத் தரையே போதும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குதிகாலுக்கு அடியில் ஒரு துணியைப் போட்டு, வழுக்கிக்கொண்டே குதியைப் பின்னால் இழுப்பது, கடைசியில் துண்டைப் பாதத்தில் மாட்டிக் கொஞ்சம் உதவி. இழுப்பது தெரிய வேண்டும், குத்தக் கூடாது. பாகைமானி எல்லாம் வேண்டாம், குதிக்கும் புட்டத்துக்கும் நடுவே டேப்பை வைத்து நல்ல காலோடு ஒப்பிட்டால் போதும். தரையில் நடக்க 60 டிகிரி போல மடங்கினால் ஆச்சு, நாற்காலியில் இருந்து எழுந்திருக்க 90ஐத் தாண்ட வேண்டும், குத்தவைக்க 130க்கும் மேலே. குத்தவைப்பதுதான் கடைசியில் வரும், அதைப் பார்த்து மனம் உடையக் கூடாது என்று அவனிடம் சொல். சைக்கிள் நல்ல உதவி, பெடல் ஒரு சுற்று முழுசாகப் போக 110 போல வேண்டும், சீட்டை உயர்த்தினால் அதிலும் குறையும். அது வருவதற்கு முன்னால் முன்னும் பின்னுமாக அரைச் சுற்று ஆட்டினாலே பலன் உண்டு.

எண்ணெய் போட்டு உருவி ஒரே அமுக்காக மடக்கிவிடலாம் என்று மாமா ஒருவர் ரொம்பப் பிரியமாக வந்து நின்றார். வர்ம ஆசான்களின் கைப்பக்குவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் புது வீக்கத்தில் சூடும் உருவலும் வேண்டாம், பலவந்தமாக மடக்குவது எப்போதுமே வேண்டாம். அப்படி ஒரு தடவை மடக்கினால் மறுநாள் நீர் கூடும், நீர் கூடினால் தொடை மறுபடி தூங்கிவிடும்.

அப்புறம் தாமிரபரணி ஆறு. ஆனியில் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டதும் ஓட்டம் மெதுவாக இருக்கிற, மணல் தரையுள்ள இடமாகப் பார்த்து, துணைக்கு ஓர் ஆளோடு இறங்கி நடந்தேன். இடுப்பளவு தண்ணீரில் உடம்பின் பாரம் பாதிக்குப் பாதி குறைந்துவிடும், ஊன்ற வலிக்கிற கால் அங்கே ஊன்றும். முட்டை நன்றாகத் தூக்கி, ஒவ்வொரு எட்டிலும் குதியை முதலில் பதித்து, காலை முழுசாக நீட்டி நடக்க வேண்டும். எனக்கு நடை திரும்பியது தாமிரபரணியில்தான் என்று சொல்லுவேன். கோயம்புத்தூரில் உன் தம்பி நீச்சல் குளத்தைத்தான் தேட வேண்டும், பாவம்.

ஓட்டத்துக்கு வருவோம். நாள் கணக்கு வைத்து ஓடக் கூடாது, காலின் நிலையை வைத்துத்தான். முட்டு நல்ல கால் அளவுக்கு நீள வேண்டும், அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தாலும் வீங்கக் கூடாது, ஒற்றைக் காலில் நின்று லேசாக உட்கார்ந்து எழும்போது முட்டு உள்ளே சாயக் கூடாது. இது மூன்றும் ஆன பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ரெண்டு நிமிடம் நடை என்று மண் தரையில் ஆரம்பிக்கலாம். எட்டைச் சின்னதாக்கி வேகமாக எடுத்து வைத்தால் முட்டுக்குப் பாரம் குறையும், நாம் காலேஜில் 5,000 மீட்டர் ஓடின காலத்து நீள எட்டு இப்போது வேண்டாம். ஏற்றத்தை விட இறக்கம் முட்டை அதிகம் வாட்டும், ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை நான் இன்னும் தொடவில்லை. மைதானத்தில் ஒரே திசையில் சுற்றாமல் ஒருநாள் வலம், ஒருநாள் இடம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது, அப்புறம் முட்டு சொல்வது நம் காதில் விழாது. எல்லாவற்றுக்கும் மறுநாள் காலைதான் தீர்ப்பு: எழுந்ததும் முட்டு முந்தைய நாள் போலவே இருந்தால் தொடரலாம், தடித்தோ இறுகியோ இருந்தால் ஒரு படி இறங்க வேண்டும்.

ஆவணியில் ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். வில்லுப்பாட்டுக்கு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தேன், நடுவில் நடுவில் காலை நீட்டிக்கொண்டேன், எழுந்திருக்கும்போது கையைத் தரையில் ஊன்றவில்லை. உன் பெரியப்பா வீட்டார் எல்லோரும் விசாரித்தார்கள், கார் நெல் நல்ல கதிர் பிடித்திருக்கிறது என்றார்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். அத்தைக்கும் முட்டு வலி என்று எழுதியிருந்தாய், தயவுசெய்து இதை அப்படியே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே. வயதில் வருகிற தேய்மானத்துக்கும் தொடைக்குப் பயிற்சி உண்டு, ஆனால் அளவு வேறு, யாராவது பார்த்துச் சொல்லட்டும். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். தம்பிக்கு ரெண்டு விரல் நுழைகிறதா ஒரு விரலா என்று பார்த்து எழுது, தீபாவளிக்கு வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய ஓட்டத் தோழன்