கிளாடெட் அம்மாவுக்கு, ஒரு டிசம்பர் 1 அன்று

அன்புள்ள கிளாடெட் கால்வின் அம்மாவுக்கு,

இன்று டிசம்பர் 1. காலையிலிருந்து போனில் வந்து விழுவதெல்லாம் ரோசா பார்க்ஸ் அம்மையாரின் அந்தப் படம்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிறார், பின்சீட்டில் இறுகிய முகத்தோடு ஒரு வெள்ளைக்காரர். 1955 டிசம்பர் 1 அன்று எடுத்த படம் என்றே எல்லோரும் பகிர்கிறார்கள். அது 1956 டிசம்பர் 21 அன்று, பஸ்ஸில் இனப் பிரிவினை செல்லாது என்று வழக்கு ஜெயித்த பிறகு, பத்திரிகைகளுக்காக எடுத்தது. பின்னால் இருப்பவர் ஒரு நிருபர். அந்தப் படம் எடுக்க வழி செய்த வழக்கு உங்களுடையது என்பதால்தான் இன்றைக்கு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

1955 மார்ச் 2 அன்று அலபாமா மாநிலத்து மான்ட்கமரி ஊரில், ஹைலேண்ட் கார்டன்ஸ் பஸ்ஸில், வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்து நீங்கள் கைதானதை உங்களிடமே சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய இரண்டு பெண்கள், ஒரு தோளைச் சோஜர்னர் ட்ரூத்தும் மறு தோளை ஹாரியட் டப்மனும், அழுத்திப் பிடித்து உட்கார வைத்ததுபோல இருந்தது என்று நீங்களே பலமுறை சொல்லிவிட்டீர்கள். பதினைந்து வயதுப் பள்ளிக்கூடப் பெண்ணுக்குக் கைவிலங்கு போட்டுப் பெரியவர்களை அடைக்கிற சிறைக்குக் கொண்டுபோனதையும் சொல்லிவிட்டீர்கள். ரோசா பார்க்ஸ் கைதானது அதற்கு ஒன்பது மாதம் கழித்து.

முதலில் மன்னிப்பு. இந்தக் கதையை நானும் பல வருடம் உங்களை விட்டுவிட்டே எழுதியிருக்கிறேன். வேலை முடிந்து களைத்துப்போன தையற்காரி, எழுந்திருக்க மறுத்தார், ஊரே திரண்டது. நாலு வரியில் முடிந்துவிடும், படிப்பவருக்கும் சுலபம். அந்தத் தையற்காரி பல வருடமாக கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளைச் செயலாளர், உடல் களைப்பால் உட்கார்ந்திருக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உங்களைப் பற்றியும் தெரியும். தெரிந்தேதான் விட்டேன். உங்களைச் சேர்த்தால் கதை நீளும், கூடவே வேறு கேள்விகளும் வரும் என்று தயங்கினேன்.

ரோசா பார்க்ஸ் கைதான அன்று இரவு அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஓடிய ஸ்டென்சில் மெஷினைத்தான் இப்போதெல்லாம் அடிக்கடி நினைக்கிறேன். பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன், உடன் வேலை பார்த்த ஒருவர், இரண்டு மாணவர்கள். திங்கட்கிழமை பஸ் ஏறாதீர்கள் என்கிற சேதியை ஒரே தாளில் மூன்று தடவை தட்டச்சு செய்து, ஓட்டி, மூன்றாக வெட்டி, கட்டுக் கட்டாக அடுக்கியபோது விடிந்துவிட்டது. பல்லாயிரம் துண்டுச்சீட்டுகள். அதில் ரோசா பார்க்ஸ் பெயர் இல்லை. இன்னொரு கறுப்பினப் பெண் கைதாகியிருக்கிறார் என்று தொடங்குகிறது. கிளாடெட் கால்வின் வழக்குக்குப் பிறகு இதே காரணத்துக்காக ஒரு பெண் கைதாவது இது இரண்டாவது தடவை என்று அடுத்த வரி சொல்கிறது. இடையில் அக்டோபரில் கைதான மேரி லூயிஸ் ஸ்மித்தையும் சேர்த்த கணக்கு அது. ஊரையே நடக்க வைத்த அந்தச் சீட்டில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட கைது உங்களுடையது மட்டும்தான். பெயரைப் போட்டால் போதும், யாரென்று விளக்கத் தேவையில்லை என்கிற அளவுக்கு ஊருக்கு உங்களைத் தெரிந்திருந்தது.

அப்புறம் எப்படி மறந்தார்கள்?

பெரியவர்கள் பக்கம் கொஞ்சம் பேசிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் மேல் போட்டது மூன்று குற்றச்சாட்டு: இனப் பிரிவினைச் சட்டத்தை மீறியது, அமைதியைக் குலைத்தது, போலீஸைத் தாக்கியது. மே மாதம் மேல்முறையீட்டில் முதல் இரண்டையும் நீக்கிவிட்டு, தாக்கிய குற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பார்த்தால் கருணை மாதிரி இருக்கும். பிரிவினைச் சட்டத்தின் கீழ் தண்டனை இருந்தால்தானே அந்தச் சட்டம் செல்லுமா என்று மேலே போய்க் கேட்கலாம்? அந்த வாசலை அடைத்துவிட்டு, போலீஸ்காரரை நகத்தால் கீறிய பெண் என்ற பேரை மட்டும் உங்கள் தலையில் கட்டினார்கள். வக்கீல் ஃப்ரெட் கிரேவுக்கு அப்போது 24 வயது. வழக்கு கையில் இருந்தது, வழக்கின் உயிர் போயிருந்தது. ஆக, உங்களை விட்டதற்குச் சட்டக் காரணம் உண்டு. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அது மட்டும் காரணம் இல்லையே அம்மா. கிங் ஹில் என்கிற ஏழைப் பகுதிப் பெண், அப்பா புல் வெட்டுகிறவர், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், நல்ல கறுப்பு நிறம், எண்ணெய் போட்டு நீவி நேராக்காத தலைமுடி. மேடைக்கு ஏற்ற முகம் இது இல்லை என்று முடிவு கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை.

அந்த வருடக் கோடையில் உங்களுக்கு நேர்ந்ததைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். இது நாலு பேர் படிக்கிற கடிதம். அந்த நாலு பேரிலும் இதைக் காரணமாகக் காட்டுகிறவர்கள் இருப்பதால், தேதியை மட்டும் சொல்கிறேன்: மேல்முறையீடு முடிந்தது 1955 மே. உங்கள் மகன் பிறந்தது 1956 மார்ச். விரலை மடக்கி எண்ணினால் போதும். கர்ப்பம் என்பதால் உங்களை விட்டார்கள் என்கிற பேச்சு, மே மாதத்து முடிவுக்குப் பொருந்தவே பொருந்தாது.

நீங்கள் பஸ்ஸில் உரக்கச் சொன்னது, இது அரசியல் சட்டம் எனக்குக் கொடுத்த உரிமை என்று. டிசம்பர் 5 அன்று ஹோல்ட் ஸ்ட்ரீட் தேவாலயத்தில் கூடிய பெரியவர்கள் முதலில் கேட்டது என்ன? டிரைவர்கள் மரியாதையாகப் பேச வேண்டும். கறுப்பர்கள் பின்னாலிருந்தும் வெள்ளையர்கள் முன்னாலிருந்தும் வருகிற வரிசையில் உட்காரலாம், உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது. கறுப்பர்கள் அதிகம் போகும் தடங்களில் கறுப்பு டிரைவர்கள் வேண்டும். பிரிவினையை ஒழிக்கச் சொல்லவில்லை, கொஞ்சம் கனிவான பிரிவினையைக் கேட்டார்கள். நகராட்சி அதையும் கொடுக்க மறுத்ததால்தான் உங்கள் கேள்விக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

பஸ் புறக்கணிப்பு நீடித்த அந்த 381 நாள் எப்படி ஓடியது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் நடந்தார்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். முதல் சில நாள் கறுப்பினத்தவரின் டாக்சிகள் பஸ் கட்டணத்துக்கே, பத்து சென்ட்டுக்கு, ஆட்களை ஏற்றின. குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தது நகராட்சி, டாக்சி நின்றது. 1953-ல் பேட்டன் ரூஜில் பஸ் புறக்கணிப்பு நடத்திய பாதிரியார் டி.ஜே. ஜெமிசனைப் போனில் பிடித்துக் கேட்டு, சொந்தக் கார்களைத் திரட்டினார்கள். ரூஃபஸ் லூயிஸ் பொறுப்பில் சுமார் 300 கார்கள், காலையில் ஏற்ற நாற்பதுக்கு மேல் இடங்கள், மாலையில் திரும்ப ஏற்ற நாற்பதுக்கு மேல் இடங்கள். காரில் யாரும் கட்டணம் வாங்கக் கூடாது. வாங்கினால் உரிமம் இல்லாத வாடகை வண்டி என்று உள்ளே தள்ளிவிடுவார்கள். அதனால் பணம் திங்கட்கிழமை இரவுக் கூட்டங்களில் காணிக்கையாக வந்தது. சமையற்காரர் ஜார்ஜியா கில்மோர் கோழி பொரித்து, கேக் சுட்டு விற்ற காசைக் கொண்டுவந்து கொட்டினார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்பார்கள், அவர்கள் குழுவின் பெயரே அதுதான். செய்த பெண்களின் பெயர் வெளியே வந்தால் வீட்டு வேலை போய்விடும்.

அடுத்த அடி இன்சூரன்ஸில் விழுந்தது. தேவாலயங்களின் பெயரில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களுக்குப் பாலிசியை ஒன்று மாற்றி ஒன்றாக ரத்து செய்தார்கள். பாலிசி இல்லாத வண்டி ரோட்டில் இறங்க முடியாது. கடைசியில் அட்லாண்டாவின் கறுப்பின முகவர் டி.எம். அலெக்சாண்டர் வழியாக லாய்ட்ஸ் ஆஃப் லண்டன் பாலிசி கொடுத்தது. அலபாமாவில் ஒரு சலவைக்காரம்மா வேலைக்குப் போய்ச் சேர லண்டன் வரை போக வேண்டியிருந்தது. ரோட்டில் போலீஸ் வேறு. 25 மைல் வேகத் தடத்தில் 30-ல் போனார் என்று மார்ட்டின் லூதர் கிங்கையே பிடித்து உள்ளே வைத்தார்கள்.

கார் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். அவர்களை நினைத்தாலே நீங்கள் ஒரு தடவை சொன்ன அந்தக் காகிதப் பைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஷூ கடையில் கறுப்பர்கள் காலில் போட்டுப் பார்க்கக் கூடாது. பழுப்புக் காகிதப் பையில் காலை வைத்துச் சுற்றி வரைந்து கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றீர்களே. வீட்டில் நானும் ஒரு காகிதத்தை விரித்துக் காலை வைத்துப் பார்த்தேன். பென்சில் சற்று வெளியே சாய்ந்தால் கோடு பெரிதாகிவிடுகிறது. உள்ளங்கால் வளைவுக்குள் சாய்ந்தால் சிறுத்துவிடுகிறது. உட்கார்ந்து வரைந்தால் ஒரு அளவு, எழுந்து நின்றால் கால் பரந்து இன்னொரு அளவு. வலது கால் மாதிரி இடது இல்லை. நீளமும் அகலமும் காகிதத்தில் வரும், புறங்காலின் உயரம் வராது. அந்த இடத்தில்தான் தோல் அழுத்திக் கடிக்கும். போட்டுப் பார்க்கவே விடாத கடைக்காரன், கடிக்கிறது என்றால் மாற்றியா தருவான்? இப்படி வாங்கிய ஷூவில்தான் ஊர் ஒரு வருடம் நடந்தது. கால் வலித்தது என்று வர்ணிக்கிறார்களே, அந்த வலியில் கொஞ்சம் கடை வாசலிலேயே ஆரம்பித்தது.

இனி கோபம். 1956 பிப்ரவரி 1. ரோசா பார்க்ஸின் பத்து டாலர் அபராத வழக்கு மாநில நீதிமன்றங்களில் சிக்கி, எத்தனை வருடம் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று ஆகிவிட்டது. நேரே கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக வேறு மனுதாரர்கள் வேண்டும். கிங்கின் வீட்டு வாசலில் குண்டு வெடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. மனுவில் பெயர் கொடுத்தால் அடுத்த குண்டு யார் வீட்டுக்கு என்று எல்லோருக்கும் தெரியும். கொடுத்த ஒரு பெண்மணி பயமுறுத்தலில் உடனே விலகிவிட்டார். மிஞ்சியது அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், நீங்கள். மேடைக்கு ஆகாத பெண், இப்போது நிறைமாதத்தை நெருங்கிய பெண், சாட்சிக் கூண்டுக்கு மட்டும் ஆனார். இதை எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் என் மனம் ஆறவில்லை.

மே 11 அன்று மூன்று நீதிபதிகள் முன்னால் ஏறினீர்கள். பதினாறு வயது, வீட்டில் கைக்குழந்தை. கிங் வந்து தூண்டிவிடும் வரை நீங்கள் எல்லோரும் திருப்தியாகத்தானே இருந்தீர்கள் என்று நிலைநாட்டப் பார்த்தார் நகராட்சி வக்கீல். உங்கள் தலைவர் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு பெயர், கிங் என்ற ஒரு பெயர் வாயில் வந்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார். எங்களுக்குத் தலைவர் நாங்களேதான் என்றீர்கள். அம்மா, அந்த ஒரு பதிலுக்காக உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஜூன் 5 அன்று இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு. நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்றைக்குத்தான் கார் ஏற்பாட்டுக்குத் தடை வாங்க நகராட்சி உள்ளூர்க் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தது, தடையும் கிடைத்தது. டிசம்பர் 20 அன்று உத்தரவு ஊர் வந்து சேரும் வரை உண்மையிலேயே நடைதான். மறுநாள் எடுத்த படங்களில் நீங்கள் இல்லை.

உங்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். 1958-ல் நியூயார்க் போனபிறகு முதியோர் இல்லத்தில் முப்பத்தைந்து வருடம் இரவு பகலாக வேலை பார்த்தீர்கள், பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடத் தெரியாமல். ஏன் அத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை? நீங்கள் பேசாததால்தானே எங்களுக்கு விட்டுவிட வசதியாக இருந்தது? எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. குழந்தையை வளர்க்க வேலை வேண்டும், வேலைக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேசாமல் இரு, ரோசா முன்னால் நிற்கட்டும், அவருக்கு ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று உங்கள் அம்மாவே சொல்லியிருந்தார். அந்த வருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அழிக்காமல் விடுகிறேன்.

சிறார் நீதிமன்றம் உங்கள் மேல் போட்ட நன்னடத்தைக் கண்காணிப்பு எப்போது முடிந்தது என்று யாரும் உங்களிடம் சொல்லவே இல்லை. 2021-ல், 82 வயதில், நீங்களே மனு போட்டு அந்தப் பதிவை அழிக்கச் செய்தீர்கள். 66 வருடம். அந்தத் தாளில் நீதிபதி கையெழுத்துப் போட்ட செய்தி வந்த அன்றாவது நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க வேண்டும்.

அந்தத் துண்டுச்சீட்டை முழுதும் தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறேன். இனி வருகிற டிசம்பர் 1-களில் என் பக்கத்தில் அந்தப் பஸ் படம் வராது, சீட்டுதான் வரும். உங்கள் பெயர் இரண்டாவது வரியில்.

அன்புடன்.