மூச்சுக்குத் தாளம் போட்டவருக்கு

கால் ரத்தக்குழாயில் அடைப்பு வந்து நான் பட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. கால் பிழைத்துவிட்டது. பங்குனியில் கும்பகோணம் மகாமகக் குளக்கரையைச் சுற்றி நடந்தால், மூன்றாவது மண்டபத்துக்குள்ளேயே கெண்டைக்கால் கல்லாய் இறுகி உட்கார்ந்துவிடுவேன். நேற்று மாலை பத்து மண்டபம் தாண்டினேன்.

டாக்டர்கள், நர்ஸ் அம்மாக்கள், ராத்திரி பகலாக அலைந்த டெப்போ நண்பர்கள், காசு வாங்க மறுத்த ஆட்டோ தம்பி, எல்லோருக்கும் என் கும்பிடு. அப்புறம், எதிர்வீட்டு நாயனக்கார ஐயா.

பிசியோதெரபி அம்மா ஒரு சின்னக் குழலைக் கொடுத்து மூக்கில் கிளிப் மாட்டிவிட்டார். குழலுக்குள் ஸ்பிரிங் இருக்கும், பலமாக இழுத்தால்தான் காற்று வரும். வேளைக்கு 30 மூச்சு, தினமும் இரண்டு வேளை. காலில்தானே அடைப்பு, மூச்சுக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்டேன். நடக்கும்போது மூச்சுத் தசை களைத்தால் உடம்பு கால் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுமாம். ஏற்கெனவே ரத்தம் போதாத கால் இன்னும் பட்டினி கிடக்குமாம். நடைதான் முதல் மருந்து, இது அதற்குத் துணை என்றார். புரிந்தது. ஆனால் வாசலில் உட்கார்ந்து இழுத்தால் பன்னிரண்டாவது மூச்சிலேயே தலை சுற்றியது. மூன்றாம் நாள் குழல் அலமாரிக்குப் போய்விட்டது.

ஐயா தன் திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, யாரும் கூப்பிடாமல், என் எதிரே வந்து உட்கார்ந்தார். "தோளைத் தூக்காதீங்க தம்பி, அடிவயித்துலேருந்து இழுங்க" என்று என் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். பிறகு தொடையில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போட்டார். இரண்டு எண்ணிக்கையில் இழுக்க வேண்டும், மீதி ஆறில் மெல்ல விட வேண்டும். இப்படி 30 ஆவர்த்தனம், அதாவது 30 சுற்று. தலை சுற்றவே இல்லை. மூச்சை அவசர அவசரமாக இழுத்து விட்டதுதான் என் தப்பு. பிசியோதெரபி அம்மாவும் பார்த்துவிட்டு, இப்படியே செய்யுங்கள் என்றார்.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. முகூர்த்த நாட்களில் விடியும் முன்பே நாயனப் பையோடு வந்து, தாளம் போட்டுவிட்டுத்தான் வேன் ஏறுவார். வாழ்நாளெல்லாம் மூச்சை வைத்தே பிழைத்தவர், அதில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார். அதே மூச்சை நான் 35 வருஷம் பீடியில் ஊதித் தள்ளியிருக்கிறேன். இனி அதைத் தொடமாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம்.

ஐயா, வருகிற மாசிமகத்துக்குள் 16 மண்டபத்தையும் எங்கும் உட்காராமல் சுற்றி வந்து உங்கள் திண்ணையில் வந்து நிற்பேன். அன்றைக்கு எனக்காக ஒரு கல்யாணி ராகம் வாசிக்க வேண்டும்.