144 காயும் அப்பாவும்

அடியே,

எப்படி இருக்க? கோயமுத்தூர்ல குளிர் வந்துருச்சா? இங்க ஐப்பசி அடமழ, நாலு நாளா வெளிய தல காட்ட முடியல. சம்பா நட்டு இருவது நாள்தான் ஆவுது, பயிர் முழுவிடக் கூடாதுன்னு அண்ணன் காலைலேர்ந்து வடிகால் வெட்டிவிட்டுட்டு முழங்கால் சேத்தோட இப்பதான் வந்து உக்காந்துருக்கு, அண்ணி வெந்நீர் போடப் போயிருக்காங்க.

ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஃபோன்ல சொன்னா நீ பாதிலயே வேற பேச்சுக்குத் தாவிருவ, அதான் டைப் பண்றேன்.

நம்ம ‘சீனாக்காய்’ ஞாபகம் இருக்கா? 1998ல கும்பகோணத்துல கம்ப்யூட்டர் கிளாஸ் போனோமே, மாடில, ரெண்டு பேருக்கு ஒரு மிஷின்னு. ஃபாக்ஸ்ப்ரோ ப்ராக்டிகல அரமணில முடிச்சுட்டு மிச்ச நேரம் பூரா அந்த தைபே கேம் ஆடுவோம், அடுக்கிவச்ச சீனக் காய்ல ஒரே மாதிரி ரெண்டு ரெண்டா எடுத்துக் காலி பண்றது, மவுஸ் ஒன் கைல இருக்கும், நான் ஸ்க்ரீன்ல வெரல வச்சு இது இதுன்னு காட்டுவேன், சார் படியேறுற செருப்புச் சத்தம் கேட்டதும் நீ மூடிருவ. பஸ்ல வீட்டுக்குப் போறவரைக்கும் எந்தக் காய எடுத்துருக்கணும்னு சண்ட போட்டுக்கிட்டே போவோம்.

அது இப்ப எங்க வீட்டுக்குத் திரும்ப வந்துருக்கு, அப்பாவால. மாசில அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துருச்சுன்னு சொன்னேன்ல. இப்ப கோலூனி வாசத்திண்ண வரைக்கும் நடக்குறாரு, கைதான் இன்னும் வரல, பேச்சும் கொழறுது, அதனாலயே யார்கிட்டயும் வாயத் தொறக்குறதில்ல. பிசியோ தம்பி, எடது கைக்கும் மனசுக்கும் ஏதாவது வேல குடுத்துக்கிட்டே இருங்கன்னு சொன்னுச்சு. அண்ணன் மவன் டேப்ல நாலஞ்சு கேம் போட்டுக் குடுத்தான், எதையும் தொடல. போன மாசம் ஒரு நாள் நான் அவரு பக்கத்துல உக்காந்து தேடிப்பாத்தா அதே காய், ஆம உருவத்துல அதே அடுக்கு! அடில 87, அதுக்கு மேல 36, அப்புறம் 16, அப்புறம் 4, உச்சில ஒண்ணே ஒண்ணு. எனக்கு ஒன் ஞாபகம் வந்து தொண்டைய அடச்சுருச்சு. நான் ஆடுனேன், அவரு சும்மா பாத்துக்கிட்டே இருந்தாரு. மூணாவது ஆட்டத்துல எடது கைய நீட்டி ஒரு காயத் தொட்டாரு பாரு, சரியான காய்.

அப்பாவுக்குச் சீன எழுத்தா தெரியும், அதனால எல்லாத்துக்கும் அவரே பேர் வச்சுக்கிட்டாரு. மூங்கில் காயெல்லாம் நாத்துக்கட்டு, மூணு கட்டு, ஆறு கட்டுன்னு எண்ணுவாரு. அதுல ஒண்ணாம் நம்பருக்கு ஒரு குருவி படம் இருக்கும்ல, அது கொக்கு. வட்டமெல்லாம் முறுக்கு. செவப்புல ஒரு பொட்டிய நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இருக்குமே, நம்ம செவப்பு ட்ராகன்னு சொல்லுவோம், அத அவரு ஷட்டருங்கறாரு, நம்ம வாய்க்கா மதகு ஷட்டரு. நல்லா பாத்தா அப்படியேதான்டி இருக்கு, நடுவுல திருகுக் கம்பியோட! வெறும் கட்டமா இருக்குற வெள்ள ட்ராகன் வரப்பு கட்டுன வயலு. பச்ச ட்ராகன் தேரு, திருவாரூர் தேரு. நாம அத்தன மாசம் ஆடிருக்கோம், அதுக்குள்ள ஒரு தேரு இருந்தது நம்ம கண்ணுல படவே இல்ல.

ஆடுற விதத்துலயும் நாம சரியா ஆடலன்னு இப்பதான் புரியுது. ரெண்டு ஒரே மாதிரி தெரிஞ்சா ஒடனே தட்டிருவோம். பூ படம், பருவம் படம் போட்ட காய் தவிர பாக்கி எல்லாக் காயும் நாலு நாலு இருக்கு, அதுல மூணு தெரியுறப்பதான் யோசிக்கணும், எந்த ரெண்ட எடுத்தா அடில ஒரு காய் தெறக்கும், எத விட்டுவச்சா நாலாவது வர்ற வரைக்கும் தாங்கும்னு. நாலுமே கைக்கு எட்டுறா மாதிரி இருந்தா பயமில்லாம எடுத்துரலாம். ரெண்டு ஓரத்துலயும் நீட்டிக்கிட்டு இருக்குற காய மொதல்ல கழிக்கணும், எடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ரெண்டு, அதுங்க நடு வரிசைய அடச்சுக்கிட்டு நிக்குதுங்க. அப்பா இத யாரும் சொல்லாம ரெண்டே நாள்ல புடிச்சுட்டாரு. கடமடைக்குத் தண்ணி போவணும்னா மொதல்ல எந்த அடைப்ப எடுக்கணும்னு அறுவது வருஷமா பாத்த கண்ணு.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துவரல. எடுத்த காயத் திருப்பி வைக்கிற அன்டூ பட்டன அவரு போடவே மாட்டாரு. “நட்டத புடுங்குவாங்களா”ன்னு கேக்குறாரு. எனக்கு அன்டூ வேணும், எங்க தப்பு பண்ணோம்னு பின்னால போயி பாத்தாதான் அடுத்த தடவ வெளங்கும். அதுவும் இல்லாம சில ஆட்டம் நம்ம தப்பே இல்ல. காய கண்டபடி கலச்சுப் போட்டா, அடில இருக்குறது பூரா கண்ணுக்குத் தெரிஞ்சு ஆடுனாக்கூட இந்த ஆம அடுக்குல நூத்துக்குச் சுமாரா மூணு ஆட்டம் முடிக்கவே முடியாதாம், கணக்குப் போட்டே கண்டுபுடிச்சுருக்காங்க. ஜோடி காய் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு குந்திக்கிட்டு, பாக்கி ரெண்டும் போயிருச்சுன்னா யாரால எடுக்க முடியும் சொல்லு?

சரி, நான் சொல்லவந்ததே இனிமேதான். ஒரு ராத்திரி தூக்கம் வராம, இத யாரு பண்ணிருப்பாங்கன்னு தேடுனேன். நாலு பேரு ஆடுற மாஜோங்தான் சீனாவோட பழைய ஆட்டம், இப்படி ஒத்த ஆளா கம்ப்யூட்டர்ல ஜோடி எடுக்குறது பின்னால வந்தது. ப்ரோடி லாக்கார்டுன்னு ஒரு அமெரிக்கர், ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணிக்கிட்டு இருந்த பையன். 1979ல ட்ராம்போலின்ல குதிக்கறப்ப விழுந்து கழுத்துக்குக் கீழ வராம போயிருச்சு. அதுக்கப்புறம் வாயில ஒரு குச்சியக் கவ்விக்கிட்டு, அதால கீபோர்ட ஒவ்வொரு எழுத்தா தட்டி, 1981ல ப்ளேட்டோங்கற கம்ப்யூட்டர் சிஸ்டத்துல இந்த ஆட்டத்த எழுதிருக்காரு. 1986ல ஆக்டிவிஷன் கம்பெனி அத ‘ஷாங்காய்’னு பேர் வச்சு வித்துச்சு, 1990ல மைக்ரோசாஃப்ட் இதே மாதிரி போட்டதுதான் நம்ம தைபே. நாம ரெண்டு கையும் வச்சுக்கிட்டு மவுஸுக்கு அடிச்சுக்கிட்டோமே, அந்த ஆட்டத்தயே ஒருத்தரு வாயால எழுதிருக்காருடி.

காலைல அப்பாகிட்ட சொன்னேன். “வாயாலயா?”ன்னாரு. ஆமாப்பான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பவும் “வாயாலயா?”. அதோட பேசல, டேப்பையும் கேக்கல, நான்தான் சொல்லிருக்கக் கூடாதோன்னு நாள்பூரா கெடந்து தவிச்சேன். மறுநாள் பிசியோ தம்பி வந்துச்சு. நான் அடுப்படில இருக்கேன், திண்ணைல அப்பா குரல் கேக்குது, கொழறிக் கொழறி, நிறுத்தி நிறுத்தி, அந்தப் பையன் விழுந்ததுலேர்ந்து குச்சி வரைக்கும் முழுசா சொல்லிக்கிட்டு இருக்காரு. ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து அவரு இவ்ளோ நேரம் சேந்தாப்புல பேசி நான் கேட்டதில்ல. அடுப்ப அணச்சுட்டு அங்கயே நின்னுட்டேன்.

மத்தபடி எல்லாரும் சொகம். ஒங்க தெரு பிள்ளையார் கோயில்ல கும்பாபிஷேகம் தையில, நீ வர்றல்ல? அப்ப ஒரு நாளாவது இங்க தங்கு. எட்டு கட்டு நாத்து எது, ஒம்போது எதுன்னு ஒனக்கும் எனக்கும் அன்னைக்கே குழப்பம், அப்பாகிட்ட கத்துக்கலாம்.

கரண்டு போயிருச்சு, டேப்ல சார்ஜ் கொஞ்சந்தான் இருக்கு. அப்பா கூப்புடுறாரு, தேரு ஒண்ணு வெளிய வந்துருச்சாம், இன்னொண்ணு எங்கன்னு வந்து பாக்கச் சொல்றாரு. போறேன்டி.