அண்ணன் வந்தால், அண்ணன் வந்தால்தான்: கிளாட் தேர்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புக்கு,

வணக்கம். உங்கள் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர ஆங்கிலத்தில் மட்டும் நீங்கள் நடத்தும் நுழைவுத் தேர்வு கிளாட். அதைத் தமிழிலும் எழுத விட வேண்டும் என்பதே என் கோரிக்கை. திருச்சியில் மாலை நேரங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வின் தருக்கப் பகுதியைச் சொல்லிக்கொடுக்கிறேன். படித்தது எம்.ஏ. தத்துவம். அதைப் படித்து என்ன கிடைத்தது என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள், அது இருக்கட்டும். இந்த மடலை வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். பெங்களூரில் இருக்கும் உங்களுக்கு யாராவது இதைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியிருக்கும். என் மாணவர்களுக்குத் தேர்வறையில் அப்படி ஆள் இல்லை. 120 நிமிடத்தில் 120 கேள்வி, பத்திகளைப் படிக்கும் நேரமும் அதற்குள்ளேயே.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பலகையில் இப்படி எழுதினேன்:

அண்ணன் வந்தால் சாப்பிடுவேன்.
அண்ணன் வந்தால்தான் சாப்பிடுவேன்.
அண்ணன் வந்தாலும் சாப்பிட மாட்டேன்.

"அண்ணன் வரவில்லை. இப்போது யார் யார் பட்டினி?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், பத்தாம் வகுப்புவரை தமிழ் வழி. "ரெண்டாவது ஆள் கண்டிப்பா பட்டினி சார். மூணாவது ஆள் எப்படியும் பட்டினி. முதல் ஆளைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. பசிச்சா சாப்பிட்டிருப்பான்."

போதுமான நிபந்தனை ('வந்தால்'), தேவையான நிபந்தனை ('வந்தால்தான்') என்று இரண்டு வாரத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். மூடி வைத்துவிட்டேன். முதல் ஆளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்றாளே, கல்லூரியில் என்னோடு தருக்கம் படித்தவர்கள் வழுக்கி விழுந்த இடம் அது.

மறுநாள் அதே கணக்கை ஆங்கிலப் பத்தி ஒன்றுக்குள் வைத்துக் கொடுத்தேன். 'ஒன்லி இஃப்' ('வந்தால்தான்' போல) என்று இருந்த இடத்தில் 'இஃப்' ('வந்தால்' போல) மட்டும் அவள் கண்ணில் பட்டது. 'அன்லெஸ்' ('வராவிட்டால்' போல) வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தமிழில் வினையோடு ஒட்டிக்கொண்டு ஒரு 'தான்' செய்கிற வேலையை ஆங்கிலத்தில் தனிச்சொல் ஒன்று வேறொரு இடத்தில் நின்று செய்கிறது. அது கண்ணுக்குப் பழக மாதக்கணக்காகும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் வேறு போகும். உங்கள் மதிப்பெண் பட்டியலில் அவள் தருக்கத்தில் சுமார் என்று வரும். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

ஆங்கிலம் தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். தெரியட்டும். அதற்குத்தான் 22 முதல் 26 கேள்விகள் கொண்ட தனிப் பகுதி வைத்திருக்கிறீர்களே. அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் 2020 முதல் எல்லாப் பகுதிகளையும் பத்தி படித்து விடை சொல்வதாக மாற்றிவிட்ட பிறகு, சட்டப் பகுதியும் தருக்கப் பகுதியும் மறுபடி மறுபடி அதே ஆங்கில வாசிப்பு வேகத்தையே அளக்கின்றன.

இன்னொரு வேடிக்கை. சட்டம் படித்து முடித்தவர்கள் வழக்காட எழுதுகிற அகில இந்திய பார் தேர்வைத் தமிழில் எழுதலாம். வழக்கறிஞர் ஆவதற்குத் தமிழ் போதும், சட்ட மாணவர் ஆவதற்குப் போதாது! மருத்துவத்துக்கான நீட் 13 மொழிகளில் நடக்கிறது. இங்கே கீழமை நீதிமன்றங்களில் சாட்சி சொல்வது தமிழில், தீர்ப்பையும் தமிழில் எழுதலாம். உயர் நீதிமன்றம் ஆங்கிலம்தான், மறுக்கவில்லை. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இதே கோரிக்கையோடு ஒரு பொதுநல வழக்கு வந்ததும், பிற மொழிகளில் தேர்வு நடத்துவதை பார் கவுன்சில் ஆதரித்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அதற்காக ஆங்கில வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்துத் தந்துவிடாதீர்கள். 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பிள்ளைகள். உயிரியலில் ஒரு சொல் பிசகினால் பாடம் தெரிந்தவர் ஊகித்துக்கொள்ளலாம். தருக்கக் கேள்வியில் ஒரு 'தான்', ஒரு 'உம்' இடம் மாறினால் விடையே மாறிவிடும். ஆகவே தமிழிலேயே யோசித்து எழுதப்பட்ட கேள்விகள் வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டாம். மலையில் புகை, ஆகவே நெருப்பு, அடுக்களையைப் போல என்று ஏதுவையும் (காரணத்தையும்) எடுத்துக்காட்டையும் மணிமேகலையிலேயே அடுக்கி வைத்த மொழி இது. தருக்கத்தைக் குறிக்கும் அளவை என்ற சொல்லைக்கூட நாங்கள் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

சேர்ந்த பிறகு அவர்கள் திணற மாட்டார்களா என்பது நியாயமான கேள்வி. முதல் வருடம் திணறுவார்கள். என் மாணவர்களில் சிலரே, "தமிழ்ல எழுதி உள்ளே போனா இளக்காரமா பாப்பாங்க சார்" என்கிறார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் படிப்பு ஐந்து வருடம். ஆங்கிலத்தை அதற்குள் பிடித்துக்கொள்ளலாம். முதல் ஆளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று நிதானிக்கிற புத்தி அப்படி ஐந்து வருடத்தில் வந்துவிடுமா என்பது எனக்குச் சந்தேகம்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 3,500. சலுகை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இல்லையா?

திண்டுக்கல் சாலையில் நவலூர்குட்டப்பட்டில் இருக்கிறது தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். என் மாணவர்களில் நாலைந்து பேர் தினமும் அதைத் தாண்டித்தான் பேருந்தில் வருகிறார்கள். அதற்குள் போகவும் உங்கள் தேர்வுதான் வழி.

முதலில் தருக்கப் பகுதியையும் சட்டப் பகுதியையும் மட்டுமாவது தமிழில் எழுத விடுங்கள். எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்ப்பதற்காக, தமிழிலேயே யோசித்து நான் எழுதிய 24 கேள்விகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். விடைகளை வைக்கவில்லை. நீங்கள் போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள், அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு தருக்க ஆசிரியர்